முடக்கில் ஹோன் அடிக்கவும்

1

சுவிஸில் யாரும் ஹோன் அடிப்பதில்லை. அடித்தால் திட்டியதற்குச் சமம். நான் இங்கே வந்த புதிதில் என் மகள் ஜெசிந்தா சொல்லித்தந்த முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. குப்பையை எந்தக் கிழமையில் வெளியே வைப்பது, ஞாயிற்றுக்கிழமை ஏன் துணி துவைக்கக் கூடாது என்பவற்றோடு இதையும் சொன்னாள்.

ஆனால் நாங்கள் இருக்கிற மலைக் கிராமத்துக்கு ஏறிவரும் மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வீதி வளைந்து எதிரே வருவது தெரியாத முடக்குகளில் அது ஹோன் அடிக்கும். நம் ஊர் பஸ்ஸின் அலறல் அல்ல, மூன்று சுரம். வீதியோரத்தில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு ஒன்று வரைந்து வைத்திருக்கிறார்கள். இது பஸ் ஹோன் அடிக்கிற பாதை என்று அரசாங்கமே அறிவிக்கிறது.

அந்த மூன்று சுரம் கேட்டால் நான் செய்வதை நிறுத்திவிடுவேன். தேநீர்க் கோப்பை கையில் இருந்தால் அது அப்படியே நிற்கும். இதைப் பேத்தி லேயா கவனித்திருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் அவள் என்னைப் பார்த்து, "அம்மப்பா, வாரும்?" என்றாள். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் பக்கத்தில் "வாரும்" என்றால் வாருங்கள் என்று அர்த்தம். நான் எங்கேயோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து, கோப்பையை வைத்துவிட்டு எழுந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெர்மன் மொழியில் "வாரும்" என்றால் ஏன் என்று அர்த்தமாம். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"ஊர்ல ஒரு முடக்குல ஹோன் அடிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சவன் நான்," என்றேன்.

"ஓகே," என்று சொல்லிவிட்டு அவள் கைபேசிக்குத் திரும்பினாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

2

கண்டியில் மாகாண அலுவலகம் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். இதில் வருகிற எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

வீதிப் பாதுகாப்புக்கு நீண்டகாலத் திட்டம் ஒன்று எழுத வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு தூரநோக்கு, அதன் கீழே இலக்குகள், கடைசியில் பின்னிணைப்புகள். அந்தக் காலத்தில் தூரநோக்கு தொங்காத அலுவலகச் சுவர் கிடையாது. எங்கள் குழுவில் பொறியியலாளர்கள், பொலிஸ் அதிகாரி ஒருவர், நிர்வாகத்தினர், தமிழுக்கு நான். தேநீரும் மீன் அடைத்த மாலுபணிசும் வந்தன. மாலையில் ஒரு வசனம் பிறந்தது: பத்தாண்டுகளுக்குள் எமது வீதிகளில் உயிரிழப்பு பூச்சியம்.

பொலிஸ் அதிகாரி சிங்களத்தில் சொன்னார்: "பூச்சியம் நல்ல இலக்கம். எழுத லேசு. ஒரு வட்டம் போட்டாப் போதும்."

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் எழுதினேன். வசனத்தின் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி பிலோமினாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு இலக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பொறியியலாளர்கள் பாதுகாப்பு வேலி கேட்டார்கள். பொலிஸ் தண்டத்தைக் கூட்டக் கேட்டது. என்னிடம் ஏற்கனவே ஒன்று இருந்தது.

கம்பளையிலிருந்து புசல்லாவைக்கு ஏறும் வழியில், ஒரு முடக்கின் மேலே, சின்ன அந்தோனியார் கோயில் ஒன்று இருக்கிறது. பிலோமினாவின் ஊர்க் கோயில். அவளுடைய அப்பாவின் ஆண்டுப் பூசைக்குப் போயிருந்தோம். கீழே ஒவ்வொரு பஸ்ஸும் முடக்குக்கு வரும்போது ஹோன் அடித்தது. ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தார். கடைசியில், "அந்தோனியாரே நேர்ல வந்து பேசினாலும் இந்த ஹோன் சத்தத்துல நமக்கு ஒண்ணும் விளங்காது," என்றார். சனம் சிரித்தது. பூசை முடிந்ததும் நான் அவரிடம் போய், பத்துப் பேர் கேட்கும்படி, "அத நான் பாத்துக்கிறேன் ஃபாதர். கண்டியில இப்ப அந்தக் கமிட்டியிலதான் இருக்கேன்," என்றேன்.

அப்படித்தான் அந்த முடக்கு திட்டத்தின் பின்னிணைப்பில் "அமைதி வலயம்" ஆனது. ஒவ்வொரு வலயத்துக்கும் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று விதி. நான் போகவில்லை. பார்த்த இடம்தானே என்று நினைத்து, தள ஆய்வு செய்யப்பட்டது என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். நான் அந்தச் சத்தத்தைக் கோயிலுக்குள் மர வாங்கில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். ரோட்டில் நின்று கேட்டதில்லை.

மூன்று மொழியில் பலகை வந்தது. தமிழ் வரி என்னுடையது: அமைதி வலயம். ஒலி எழுப்ப வேண்டாம்.

3

அந்தப் பலகையை ஒருவரும் மதிக்கவில்லை. மலைப் பாதையில் ஓடுகிற சாரதிக்கு முடக்கைக் கண்டால் கை தானாக ஹோனுக்குப் போய்விடும். மதித்தவன் ஒரே ஒருவன். பிலோமினாவின் தம்பி மரியதாஸ். அந்தப் பாதையில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

கொண்டக்டர் பொடியன் கேலி பண்ணுவானாம். "என்னங்கண்ணே, முடக்கு வந்தா மட்டும் ஊமையாயிடுறீங்க?"

"அது எங்க அத்தான் போட்ட போர்டுடா. நானே மதிக்கலேன்னா வேற எவன் மதிப்பான்?"

இதை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு துண்டு கேக் வைக்கும்படி பிலோமினாவிடம் சொன்னேன்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில், வெட்டிப்போட்ட மிலாறைத் தோட்டத்துப் பெண்கள் அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். தலையில் மிலாறுக் கட்டு இருந்தால் குச்சிகள் முகத்துக்கு முன்னால் நீண்டு நிற்கும். கழுத்தைத் திருப்ப முடியாது. காலடி மட்டும் தெரியும். காதை வைத்துத்தான் ரோட்டில் நடப்பார்கள். முடக்குக்கு அந்தப் பக்கம் ஹோன் கேட்டால் ஓரத்துக்கு ஒதுங்கி, சுவரோடு சாய்ந்து நிற்பார்கள். கேட்காவிட்டால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்த ஊரில் பெண் எடுத்தவன் நான். எழுதும்போது நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

இறந்துபோன பெண்ணை ராசம்மா என்று சொல்கிறேன். கட்டோடு முடக்கைக் கடந்துகொண்டிருந்தாள். மரியதாஸ் ஹோன் அடிக்காமல் திரும்பினான்.

நீதிமன்றத்தில் அவன் பலகையைப் பற்றிச் சொன்னான். ஹோன் அடிக்க வேண்டாம் என்றுதான் பலகை சொல்கிறது, மெதுவாகப் போக வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அந்த இடத்தில் பலகை வைத்தது பிழை என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னால் உதவியாக இருக்கும் என்று அவனுடைய வழக்கறிஞர் என்னிடம் வந்தார். நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். அரசாங்க உத்தியோகத்தன், மேலிடத்து அனுமதி வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவே இல்லை.

மரியதாஸின் சாரதி அனுமதிப்பத்திரம் போனது. இன்றைக்கு நாவலப்பிட்டி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக நிற்கிறான். மற்றவர்கள் ஓட்டுகிற பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிறான். என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. பிலோமினாவும் சொல்லவில்லை. ஆனால் தம்பியைப் பற்றிப் பேச்சு வந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அடுத்த வருடம் அவளும் போய்ச் சேர்ந்தாள். மகள் என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள்.

4

இங்கே வருடா வருடம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கிராம அலுவலகத்தில் ஒரு படிவம் தருகிறார்கள். அதில் அடுத்த வருடத்துக்கான உங்கள் இலக்குகள் என்ன என்று ஒரு கேள்வி. எழுபதை நெருங்குகிற மனிதன் என்ன எழுதுவது? போன தடவை, ஜெர்மன் இன்னும் நன்றாகப் பேசுவேன் என்று எழுதினேன். முந்திய வருடமும் அதையேதான் எழுதியிருந்தேன். அலுவலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, புன்னகையோடு முத்திரை குத்தினார். திட்டம் எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வருடம் எங்கள் பத்தாண்டுத் திட்டம் முடிகிற வருடம். பூச்சியத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய வருடம். அதை நான் மறந்திருந்தேன். மரியதாஸிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்புதான் அதை நினைவுக்குக் கொண்டுவந்தது.

"அத்தான், சொகமா? குளுரு எப்புடி? அந்த முடக்குக்கு மேல இப்ப பெரிய ஹோட்டல் ஒண்ணு கட்டிருக்காங்க, தெரியுமா?"

"தெரியாதே."

"வெள்ளக்காரங்க தூங்கணுமாம். சத்தம்னு சொல்லி இப்ப பொலிஸ் நிக்குது. ஹோன் அடிச்சா தண்டம். ஒங்க போர்ட இப்பத்தான் எல்லாரும் மதிக்கிறாங்க. பொம்பளைங்க அதே மாதிரிதான் கட்டோட நடக்குறாங்க அத்தான். போன வாரம் ஒண்ணு மயிரிழையில தப்பிச்சிச்சு. டிரைவர் ஸ்டாண்டுக்கு வந்து சீட்ட விட்டு எறங்கவே இல்ல. நான்தான் பிளேன்டீ வாங்கிக் குடுத்தேன்."

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"நீங்க போட்ட போர்ட நீங்களே எடுத்துருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

5

அலுவலகத்தில் இப்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி வெற்றிடமாக இருக்கிறது. ஃபர்ஹானா என்று ஒரு பிள்ளை, கலகெதரையைச் சேர்ந்தவள், நான் இருந்தபோது பயிலுநராக வந்தவள், தன் சொந்த வேலையோடு தமிழையும் பார்க்கிறாள். அவளுக்கு எழுதினேன். அதிசயம்போல் உடனே பதில் வந்தது. புதிய பத்தாண்டுத் திட்டம் தயாராகிவிட்டது, பலகைகளும் புதிதாக அச்சாகப் போகின்றன, சேர் தமிழை ஒரு தடவை பார்த்துத் தருவீர்களா, உங்களைப் போல இங்கே யாருக்கும் எழுத வராது என்று கேட்டிருந்தாள்.

கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் வசனமே இருந்தது. பத்தாண்டுகளுக்குள் எமது வீதிகளில் உயிரிழப்பு பூச்சியம். ஆண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். பின்னிணைப்பில் அந்த முடக்கும் அப்படியே இருந்தது, தள ஆய்வு செய்யப்பட்டது என்ற என் பொய்யோடு.

அந்த இடத்தை நீக்கும்படி எழுதினேன். காரணத்தை விளக்கி, ராசம்மாவைப் பற்றியும் எழுதினேன். ஃபர்ஹானா அதை மேலே கொண்டுபோனாள். சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் அங்கீகரிக்கப்பட்டுவிட்டன, தமிழில் மொழிநடையை மட்டும் திருத்தலாம், உள்ளடக்கத்தில் கை வைக்க முடியாது, மாற்றம் வேண்டுமானால் அடுத்த மீளாய்வில் சமர்ப்பிக்கவும் என்று பதில் வந்தது. அடுத்த மீளாய்வு பத்து வருடத்துக்குப் பிறகு. அப்போது நான் இருக்க மாட்டேன்.

ஒரு கிழமை யோசித்தேன். பிறகு பின்னிணைப்பில், அந்த முடக்குக்கு உரிய தமிழ் வரியை அழித்துவிட்டு வேறு எழுதினேன்: ஆபத்தான முடக்கு. ஹோன் அடிக்கவும்.

சிங்களமும் ஆங்கிலமும் அடிக்காதே என்றன. தமிழ் மட்டும் அடி என்றது. நம் நாட்டில் பிழையான தமிழ் இல்லாத அரசாங்கப் பலகை எங்கே இருக்கிறது? அதில் இன்னும் ஒன்று என்று போய்விடும் என நினைத்தேன். தமிழ் வாசிக்கிற சாரதிகளாவது ஹோன் அடிப்பார்கள்.

ஃபர்ஹானா கண்டுபிடித்துவிட்டாள். தொலைபேசியில் வந்தாள். இருக்கிறது என்பதை 'ஈக்கி' என்றும், சொல்வதைச் 'செல்வது' என்றும் பேசுகிற ஊர்க்காரி.

"சேர், நான் செல்றத தப்பா எடுக்காதீங்க. அந்த முடக்கு போர்டுல தமிழ் வேற மாதிரி ஈக்கி."

"அது சரிதான் ஃபர்ஹானா. அப்படியே போடுங்க."

"சிங்களத்துல அடிக்க வாணாம்னுதானே ஈக்கி?"

"அந்த எடம் எனக்கு நல்லாத் தெரியும்மா. அப்படித்தான் போடணும்."

பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"நீங்க சென்னா சரியாத்தான் ஈக்கும் சேர்," என்றாள்.

இப்படித்தான் மரியதாஸும் என்னை நம்பினான். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியாது.

6

பலகை வைத்த அன்று மரியதாஸ் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருடமாகக் கேட்கவில்லை.

"அத்தான், நம்ம பொடியங்க நல்லா அடிக்கிறானுங்க. பொலிஸ் மறிச்சா எறங்கிப் போய் தமிழ காட்டுறானுங்க. 'இங்க பாருங்க சேர், அடிக்கச் சொல்லி கவர்மென்டே எழுதியிருக்கு'ன்னு. பொலிஸ்காரருக்கு தமிழ் வாசிக்கத் தெரியாது. போர்டயும் இவனுங்களயும் மாத்தி மாத்திப் பாக்குறாரு. வேற ஆளக் கூட்டிட்டு வந்து வாசிக்கச் சொன்னா, அவரும் ஆமாங்குறாரு."

அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன். தபால் பஸ் மூன்று சுரம் அடித்தபோது கோப்பையை நிறுத்தாமல் தேநீரைக் குடித்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, இரவுச் சாப்பாட்டு மேசையில், மருமகன் கஜன் கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

"மாமா, பாத்தியளே? உங்கட கண்டிப் பக்கத்தில தமிழைக் கொல்லுறாங்கள்."

முகநூலில் அந்தப் பலகையின் படம். மூன்று வரிகளையும் வட்டமிட்டு, மேலே "மீண்டும் ஒரு தமிழ்க் கொலை" என்று போட்டிருந்தார்கள். கீழே ஏராளமான கருத்துகள். எழுதியவனுக்குத் தமிழ் தெரியுமா என்று ஒருவர். தமிழரின் உயிர் அரசாங்கத்துக்கு மலிவாகிவிட்டது, அதனால்தான் தமிழருக்கு மட்டும் பிழையான எச்சரிக்கை என்று இன்னொருவர். கோபம் நியாயமானது. நானே இப்படிப் பலகைகளைக் கண்டு இருபது வருடம் கோபப்பட்டவன்.

"மொழி உரிமைக்கு ஒன்லைனில ஒரு மனு போடுறாங்கள். நான் கையெழுத்து வச்சிட்டன்," என்றார் கஜன். "நீங்களும் வையுங்கோ மாமா. மொழிபெயர்ப்பாளர் எண்டு போட்டால் பெறுமதி கூட."

கஜன் நல்ல மனிதர். இந்த நாட்டில் உணவகச் சமையலறையில் வேலை செய்துகொண்டே தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்துகிறார். லேயா ஒரு கணம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஜெசிந்தா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழை எழுதியது நான்தான் என்று நான்கு சொல்லில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமானால் ராசம்மாவைச் சொல்ல வேண்டும், நான் போகாத நீதிமன்றத்தைச் சொல்ல வேண்டும். பிலோமினா ஏன் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள் என்பதை அவளுடைய மகளுக்குச் சொல்ல வேண்டும்.

கைபேசியை வாங்கிப் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் என்று போட்டேன்.

"நல்ல வேலை மாமா," என்றார் கஜன். ஜெசிந்தா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

7

மனு வெற்றி பெற்றது. இவ்வளவு வேகமாக நம் நாட்டில் ஒரு மனு வெற்றி பெற்று நான் கண்டதில்லை. அலுவலகம் தமிழ்ச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டது. பிழைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் விளக்கம் கோரப்பட்டிருப்பதாகவும் அறிவித்தது.

ஃபர்ஹானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் எழுதித் தருகிறேன், நான்தான் செய்தேன் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்புகிறேன் என்றேன்.

"வாணாம் சேர். கோப்ப வெளி ஆளுக்குக் குடுத்த குத்தமும் என்ட தலையில வரும். என்ட கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டேன். சும்மா ஈங்க."

"ஃபர்ஹானா…"

"பதவி உயர்வு இந்தமொற இல்ல. பரவால்ல சேர். ஒன்டு மட்டும் செல்லுங்க. அந்த எடத்துல அடிக்கத்தானே வேணும்? நீங்க சென்னது உண்மதானே?"

"உண்மை," என்றேன்.

"அப்ப சரி," என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் பெயர்களை மாற்றினேன். இப்படிப் பெயர் மாற்றி எழுதுவது ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனம் ஆகாது என்பதும் தெரியும். உண்மைப் பெயரில் எழுதினால் அவளுக்கு இன்னும் தீங்கு வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் ரோட்டில் நிற்கிறார்.

கஜனுடைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வெற்றியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்களாம். பழைய பலகை, புதிய பலகை இரண்டு படங்களையும் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் என்று லேயா வந்து சொன்னாள். "அம்மப்பா, உங்கட பேரும் லிஸ்டில இருக்கு," என்றாள். நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

நேற்று மரியதாஸ் எடுத்தான். பஸ் நிலையத்து இரைச்சல் பின்னால் கேட்டது. கவ்வாத்து தொடங்கிவிட்டது என்றான், மழையும் பரவாயில்லை என்றான். நானாகக் கேட்கும்வரை அவன் பலகையைப் பற்றிப் பேசவில்லை.

"மாத்திட்டாங்க அத்தான். நேத்து அந்தப் பக்கம் போறப்ப எறங்கிப் பாத்தேன். இப்ப தமிழ் சரியா இருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல் அவன் மெதுவாகச் சொன்னான்: "அமைதி வலயம். ஒலி எழுப்ப வேண்டாம்."

பிறகு, யாருக்கோ பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டு, மறுபடி என்னிடம் வந்தான்.

"பழைய ஃபைல்ல இருந்து எடுத்திருப்பாங்க போல. ஒங்க தமிழ்தானே அத்தான்."